பின்பக்கத்து மூணு புள்ளி

தங்கச்சியின் வேனில் கிளட்ச் பெடல் மட்டும் மற்ற வண்டிகளில் இருப்பதுபோல் இருக்காது. பழைய டயர் ரப்பரை அளவாக வெட்டி, அதன் மேல் வைத்து இரண்டு திருகு முடுக்கியிருக்கும். அவளுக்கு இடது முழங்கால் சரியில்லை. சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டது. வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை வேனை மெக்கானிக்கான அண்ணனிடம் வேலைக்கு விட்டு வாங்கிய பிறகு காலை நீட்டி அமுக்க வேண்டிய அவஸ்தை குறைந்திருந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினாள். அப்புறம் ஒருநாள் செருப்பு கழன்று பெடலுக்கடியில் போய்விட, எடுக்கக் குனிந்தபோதுதான் அந்த ரப்பர் கண்ணில் பட்டது.

அண்ணனிடம் கேட்டாள். "அதுவா? சும்மா கிடந்துச்சு, ஒட்டிவிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் காருக்கடியில் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனுசனைத்தான் அந்தச் சந்து முழுக்க 'சக்கரம்' என்று கூப்பிட்டது. புதிதாக வருகிறவர்கள், கிளட்ச் வேலையில் கெட்டிக்காரர், அதனால் வந்த பட்டம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அது 'சக்கரம் திருடி'. பின்பாதியை மரியாதைக்காக விழுங்கிவிட்டு முன்பாதியை மட்டும் வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதை இதுதான். எஞ்சினின் முதுகில் ஃப்ளைவீல் என்று கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். கிளட்ச் பிளேட் அதன் முகத்தில் போய் அழுந்தினால்தான் வண்டி நகரும். சந்து முனையில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருந்த முதலாளியிடம் அண்ணன் அப்போது வேலை பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் காருக்குப் புது கிளட்ச்சும் புது ஃப்ளைவீலும் வந்தன. அண்ணன் பெட்டியைப் பிரித்து, ஃப்ளைவீலின் பின்பக்கத்தில் சென்டர் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்துத் தட்டி, முக்கோணமாக மூன்று புள்ளி போட்டு வைத்தார். ஒரே மேஜையில் ஒரே மாதிரி சாமான் நாலைந்து கிடக்கும், மாறிவிடக் கூடாதே என்று அவராகப் பழகிக்கொண்ட பழக்கம். யாரும் சொல்லித் தந்ததில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. வண்டியில் மாட்டிவிட்டால் அந்தப் பக்கம் எஞ்சினைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். கழற்றினால் ஒழிய யார் கண்ணிலும் படாது.

அன்று சாயங்காலம் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக அண்ணன் சீக்கிரம் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஃப்ளைவீல் ஏற்கெனவே வண்டியில் மாட்டியிருந்தது. அவசரம் என்று நானே மாட்டிவிட்டேன், நீ கிளட்ச்சை ஏற்று என்றார் முதலாளி. சக்கரத்தின் முகம் பளபளவென்று இருந்தது. புதுசும் பளபளக்கும், பழசை லேத்தில் கொடுத்துச் சீவினாலும் பளபளக்கும். முதலாளி கை வைத்த வேலையைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்க அண்ணனுக்குத் தோன்றவில்லை. ஆயுசில் அவர் செய்த பெரிய தப்பு அது ஒன்றுதான்.

ஒரு மாதத்தில் அந்தக் கார் உதற ஆரம்பித்தது. பிரித்தால், அளவுக்கு மேல் சீவி வெள்ளிப் பெயிண்ட் அடித்த பழைய ஃப்ளைவீல். நான் எப்போ மாட்டினேன், புதுசை இவன் கையில்தான் கொடுத்தேன், கேளுங்கள் இவனையே என்று முதலாளி சந்து நடுவில் நின்று சொன்னார். முதலாளி சொல்வதா, வேலைக்காரன் சொல்வதா? சந்து யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைக்கூட அண்ணன் தாங்கிக்கொண்டார். அம்மா ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ எடுத்தியாடா?" என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான். இல்லை என்றார். சரி என்றாள். அவள் நம்பினாளா, பிள்ளைக்காக நம்புவதுபோல் இருந்தாளா என்று தெரிவதற்குள் நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதலாளி அதோடு விடவில்லை. மெக்கானிக் சங்கத்தில் பேசிச் சந்துக்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்த வண்டியில் எந்தச் சாமானைக் கழற்றினாலும் அதைத் தட்டில் வைத்து வண்டிச் சொந்தக்காரருக்குக் காட்ட வேண்டும். அவர் நாலு பேர் கேட்க "என்னுதுதான்" என்று சொல்ல வேண்டும். மெக்கானிக் "என் கை பட்டதுதான்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் புதுசை வண்டியில் மாட்டலாம். முதலில் கொஞ்ச நாள் எல்லாரும் அதைச் சொல்லும்போது அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது, சட்டம் நின்றுவிட்டது.

அண்ணன் சந்தின் கடைசியில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டார். பக்கத்திலேயே தங்கச்சியின் பார்ட்ஸ் கடை. மூன்று புள்ளி விஷயத்தை அவளிடம் மட்டும்தான் சொன்னார். ஃப்ளைவீல் மாறின வாரம் முதலாளியின் சொந்தக் கார் கியர்பாக்ஸ் இறக்கி நின்றதையும், அதுவும் அதே கம்பெனி அதே மாடல் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் கொதித்துப்போனாள். இப்போதே போய் நாலு பேரைக் கூட்டி அந்தக் காரைப் பிரிக்கச் சொல்லலாம், புது சக்கரம் அதில்தான் இருக்கும் என்றாள். "பிரிக்க விடுவாரா? புள்ளி இருக்குன்னு காதுல விழுந்தா அன்னைக்கே அரத்தை வச்சு ராவிடுவாரு. சும்மா இரு பாப்பா. கிளட்ச் தேயும். யாரு வண்டியா இருந்தாலும் தேயும்," என்றார் அண்ணன்.

அப்படித் தொடங்கியது அந்தக் காத்திருப்பு. தங்கச்சி தினமும் காலையில் கடவுள் முன்னால் கைகூப்பி நின்று எல்லாருக்கும் நல்லது கேட்பாள். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்தி, அந்தக் காருக்குக் கிளட்ச் தேயணும் என்று சேர்த்துக்கொள்வாள். இப்படிக் கேட்பது பாவம்தான். ஆனால் மனதில் இருப்பதை அவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டுவிடுவாள். அண்ணன் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. முதலாளி கார் சந்தில் நுழைந்தால் மட்டும் கையில் இருக்கும் ஸ்பேனர் நின்றுவிடும். முதல் கியரில் கிளம்பும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "இன்னும் இருக்கு," என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்.

ஆறாவது வருஷம் முதலாளி ஆள் அனுப்பி அந்தக் காருக்குக் கிளட்ச் பிளேட் வாங்கினார். தங்கச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். போச்சு, சக்கரத்தையும் மாற்றிவிடுவார்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னாள். ஃப்ளைவீல் போல்ட் வாங்கினானா என்று கேட்டார் அண்ணன். இல்லை. "அந்த போல்ட் ஒரு தடவை கழட்டினா மறுபடி போடக் கூடாது. போல்ட் வாங்கலைன்னா சக்கரத்துல கை வைக்கலை," என்றார். அன்று அவள் கடவுளுக்கு நன்றி சொன்னது கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

பதினோராம் வருஷம் வந்தது. முதலாளிக்கு வயதாகி ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார். கார் அவர் பேரில்தான், ஓட்டுவது மகள். மேட்டின் மேலே இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் பத்தரை மணி வாக்கில் அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகை முன் நிறுத்தினாள். காருக்கு முன்னாலேயே அதன் தீய்ந்த வாசம் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ, கிளட்ச் என்றால் சந்துக் கடைசியில் சக்கரம் என்று ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் விடு என்று சொன்னார்களாம். பழைய கதை நடந்தபோது அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாது.

அண்ணன் காரில் ஏறி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டார். நல்ல கிளட்ச்சாக இருந்தால் எஞ்சின் அணைந்துபோகும். இது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து, பிளேட் தேய்ந்துபோச்சும்மா, இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்ற தங்கச்சிதான் ஒரே பில்லை இரண்டு தடவை எழுதினாள்.

கியர்பாக்ஸை இறக்கி, பிரஷர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கடை போன் அடித்தது. முதலாளி. மகள் வண்டியை எங்கே விட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. பிளேட் மட்டும் மாற்றச் சொல்லும்மா, ஃப்ளைவீலைத் தொட வேண்டாம் என்றார். ஏன் முதலாளி என்று கேட்டாள். தேவையில்லாத வேலை என்று வைத்துவிட்டார்.

அவள் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். பிறகு, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், பல் தெரியச் சிரித்தார்.

"அவருக்கும் ஞாபகம் இருக்கு."

சாயங்காலம் வந்த மகளை அண்ணன் காருக்கடியில் குனியச் சொல்லி, டார்ச் அடித்துச் சக்கரத்தின் முகத்தைக் காட்டினார். அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டு, நடுவில் மயிரிழை மாதிரி வெடிப்பு. அவள் விரலைப் பிடிக்காமல் ஸ்பேனர் முனையால் இடத்தைக் காட்டி, நகத்தால் கீறிப் பாருங்கள் என்றார். நகம் மாட்டியது. இதன் மேல் புது பிளேட் போட்டால் இது அதைத் தின்றுவிடும், லேத்தில் சீவலாம் என்றால் சூடு உள்ளே இறங்கிவிட்டது, சீவச் சீவ நீலம்தான் வரும் என்று விளக்கினார். அத்தனையும் உண்மை. ஒரு சொல் கூட்டவில்லை.

"மாத்திடுங்க. அந்த மேட்டுல வண்டி பின்னால உருண்டா நான் என்ன பண்ணுவேன்? அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றாள் மகள். வாடகை ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் ஃப்ளைவீலைக் கழற்றினார். தங்கச்சி கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்து நின்றாள். கடைசி போல்ட் வந்ததும் சக்கரத்தை நெஞ்சோடு அணைத்து வெளியே எடுத்து, மேஜையில் கவிழ்த்து வைத்து, டீசலில் துணியை நனைத்துத் துடைத்தார். கறுப்பு போகப் போக ஒன்று தெரிந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மூன்றாவது புள்ளியில் கட்டைவிரலை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுகிறாரோ என்று பார்த்தாள். அழவில்லை. அவருடைய முகம் லேத்தில் சீவின மாதிரி ஆகியிருந்தது.

அவள் விடுவிடுவென்று கடைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால், சாக்கு சுற்றிப் பதினோரு வருஷமாகக் கிடந்ததை உருட்டிக்கொண்டு வந்தாள். அந்த வெள்ளிப் பெயிண்ட் அடித்த பழைய ஃப்ளைவீல். அன்றைக்கு அந்த வாடிக்கையாளர் தூக்கிப்போட்டதை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்தாள்.

"இதைப் போடு அண்ணே. ஒரு மாசம் நல்லா ஓடும். அப்புறம் உதறட்டும். அந்தாளு நமக்குக் குடுத்ததை அந்தாளுக்கே குடு."

அண்ணன் அதைக் காலால் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார்.

"வண்டி என்ன பண்ணுச்சு?"

"வண்டி மேல உனக்கு என்ன பாசம்?"

"பாசம் இல்ல பாப்பா. இது உதறினா மறுபடியும் என்னையத்தான் சொல்லுவாரு. பாரு, அன்னைக்கும் இவன்தான், இன்னைக்கும் இவன்தான்னு. அவரு வாயில ஒரு சொல்லு மிச்சம் இருக்கக் கூடாது. உன் கடையில இருக்கறதுல நல்லதா எடு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே மேல் தட்டிலிருந்து இரண்டு பெட்டியை இறக்கினாள். அவர் பெண் பார்க்க வந்தவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் பிளேட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார். நடுவில் இருக்கும் ஸ்பிரிங் லேசாகக் கலகலத்தது. மூடி வைத்தார். இரண்டாவது சத்தம் போடவில்லை. குறுக்களவைப் பழையதன் மேல் வைத்துப் பார்த்தார், பல்லை எண்ணினார், கியர்பாக்ஸ் தண்டில் மாட்டி வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பார்த்தார். புது ஃப்ளைவீலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து விளிம்பைப் பார்த்தார். ரிலீஸ் பேரிங்கும் புதுசு, போல்ட்டும் புதுசு என்றார். உன் கல்யாணத்துக்குச் சட்டை எடுத்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லையே என்றாள் தங்கச்சி. அது ஒருநாள் போடுற சட்டைதானே என்றார்.

ஆனால் மாட்டவில்லை, எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். சட்டம் இருக்கிறதே. மகளுக்குப் போன் போட்டு, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் வந்துதான் பழைய சாமானைப் பார்த்துச் சொல்ல வேண்டும், உங்கள் அப்பா கொண்டுவந்த சட்டம்தான் என்று பணிவாகச் சொன்னார். எதிர்க் கொட்டகையில் நசுங்கின கார்த் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த டிங்கரிடம், முதலாளி வரும்போது நீயும் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வா என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தார். டிங்கருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. என்னண்ணே விசேஷம், சாப்பாடு உண்டா என்றான். உனக்குப் பிடிச்ச மாதிரிதான் இருக்கும் என்றாள் தங்கச்சி.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, சலவைச் சட்டையில், மெதுவாக. வருகிற வழியில் இரண்டு கொட்டகைக்காரர்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். கொட்டகையில் ஏழெட்டுப் பேர் நிற்பதைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். தட்டில் சக்கரம் முகம் மேலே தெரிய வைத்திருந்தது. நீலத் திட்டும் வெடிப்பும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்ததைத் தங்கச்சி கவனித்தாள். இவனுக்குத் தெரியவில்லை, பழைய இரும்பு, சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்திருப்பார்.

"உட்காருங்க முதலாளி," என்றார் அண்ணன். "பாத்துச் சொல்லுங்க."

"இதுல என்னப்பா இருக்கு. என்னுதுதான்."

"எல்லாருக்கும் கேக்கணும்."

"என்னுதுதான்," என்றார் சத்தமாக. "என் வண்டியில இருந்தது. போதுமா?"

அண்ணன் தட்டில் கைவைத்துச் சக்கரத்தை நிதானமாகப் புரட்டினார். துடைத்த இரும்பில் மூன்று புள்ளியும் மூன்று கண் மாதிரி விழித்தன. கடையிலிருந்து மூன்று நாலு பழைய சக்கரங்களை, இத்தனை வருஷத்தில் தான் மாட்டிக் கழற்றி, சொந்தக்காரர்கள் வேண்டாமென்று விட்டுப்போனவற்றை, அவர் ஏற்கெனவே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். அத்தனையின் முதுகிலும் அதே முக்கோணம். டிங்கர் குனிந்து அதைப் பார்த்தான், இதைப் பார்த்தான், மறுபடி அதைப் பார்த்தான்.

"என் கை பட்டதுதான்," என்றார் அண்ணன். "பதினோரு வருசத்துக்கு முன்னாடி."

மகள்தான் கேட்டாள், அப்பா, என்னப்பா இது என்று. முதலாளி அவளைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு வேற கிடைக்கலை. அடுத்த வாரமே வாங்கி மாத்திடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள..." என்று இழுத்தார். பிறகு தலையைத் தூக்கி, "தம்பி, தப்புதான்," என்றார்.

"எங்கம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றார் அண்ணன்.

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முதலாளி முகம் அடி வாங்கின தகரம் மாதிரி உள்ளே போய்விட்டது. அம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று அந்தச் சந்தில் தெரியாதவர்கள் கிடையாது.

கழற்றின சாமான் சொந்தக்காரருக்கு. அதுவும் சட்டம்தான். எடுத்துட்டுப் போங்க முதலாளி என்று தட்டை அவர் பக்கம் தள்ளினார் அண்ணன். முதலாளி இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. டிங்கர் உதவ ஒரு எட்டு வைத்தான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார், டிங்கர் நின்றுவிட்டான். கடைசியில் மகள்தான் தூக்கினாள். நர்ஸ் உடுப்பில் டீசல் கறை படிய, அந்த இரும்பை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் சந்து நெடுக நடந்தாள். எல்லாக் கொட்டகையிலும் சுத்தியல் நின்றுபோயிருந்தது. வரும்போது வணக்கம் சொன்ன இரண்டு பேரும் இப்போது எழுந்திருக்கவில்லை.

தங்கச்சிக்கு இனித்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அடிவயிறு வரைக்கும் இனித்தது. அன்று சாயங்காலம் கடவுள் முன்னால் நின்றபோது மட்டும், அந்தப் பெண் உடுப்பில் பட்ட கறை ஞாபகம் வந்து, நன்றி சொல்லாமலே விளக்கை ஏற்றிவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காரை எடுக்க மகள் தனியாக வந்தாள். கார் வெண்ணெயில் போவதுபோல் கிளம்பியது. கொஞ்ச நாளைக்கு மேட்டில் உறுமவிடாமல் ஓட்டுங்கள், பிளேட்டும் சக்கரமும் ஒன்றோடொன்று பழகட்டும் என்றார் அண்ணன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டீங்கம்மா," என்றார்.

பட்டப்பெயர் மாறவில்லை. அதே 'சக்கரம்'தான். டிங்கர் மட்டும் புதிதாக வருகிறவர்களை நிறுத்தி வைத்து, அந்தப் பேர் ஏன் வந்தது தெரியுமா என்று முழுக்கதையையும் கையை ஆட்டிச் சொல்வான். சுற்றுக்குச் சுற்று அதில் முதலாளி அழுகிற அழுகை கூடிக்கொண்டே போனது. முதலாளி அப்புறம் சந்துப் பக்கம் வரவே இல்லை.

அண்ணனுக்கு அதோடு முடிந்துவிட்டது. முதல் கியர் சத்தத்துக்குத் தலை சாய்ப்பது நின்றுபோனது. முடியாதது தங்கச்சிக்குத்தான். ஒருநாள் மகள் வைப்பர் பிளேடு கேட்டு வந்தபோது, இல்லையே என்றாள். அவள் தலைக்குப் பின்னாலேயே ஆணியில் ஆறு ஜோடி தொங்கியது. மகள் அதைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். அண்ணன் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் அண்ணனுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, வெளியூரில் இருந்த அவர் மகன் தன் ஊருக்கு வந்துவிடச் சொன்னான். போனவர் திரும்பவில்லை, ஏழாம் மாதம் அங்கேயே கண்ணை மூடினார். கிளம்புகிற அன்று தங்கச்சிதான் வேனில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் அவள் கடைக்குள் போய், கதவுக்குப் பின்னால் மறுபடி சாக்கு சுற்றிக் கிடந்த அந்த வெள்ளிப் பெயிண்ட் சக்கரத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வேனில் ஏற்றினார். வழியில் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்தச் சொல்லி இறக்கிவிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் பையை எடுத்துக்கொண்டு இறங்கியவர், சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். வழியெல்லாம் கவனித்திருக்கிறார்.

"பாப்பா, கிளட்ச் மேல பாதிக் காலை வச்சுக்கிட்டே ஓட்டுற. மிதிக்கணும்னா முழுசா மிதி. மிதிச்சாச்சுன்னா காலை எடுத்துடு."